ஐந்தாம் மாத ஸ்கேன்: கர்ப்பப்பை வாய் நீளத்தையும் கேளுங்க!
ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ‘குழந்தை நல்லா இருக்கா?’ அதே ஸ்கேனில் அளக்கக்கூடிய கர்ப்பப்பை வாய் நீளத்தைப் பலரும் கேட்பதில்லை.

இந்த நீளம் பெரும்பாலானவர்களுக்கு 3 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும். 24 வாரத்துக்கு முன்பே 2.5-க்குக் கீழே போனால், குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கூடுகிறது. உடனே பதற வேண்டாம். புரோஜெஸ்டிரான் மருந்து, சிலருக்குக் கர்ப்பப்பை வாயில் தையல் என வழிகள் இருக்கு.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனில்தான் அளவு துல்லியமாகத் தெரியும். அதனால் குழந்தைக்குப் பாதிப்பில்லை, கூச்சப்படவும் வேண்டாம். முன்பு குறைமாதத்தில் பிரசவமானவர்கள் அதை முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு 16-வது வாரத்திலிருந்தே அளந்து பார்ப்பதுண்டு. தெரிய வேண்டிய நேரத்தில் தெரிந்தால்தான் அந்த எண்ணால் பயன்.