நல்லா ஓடுற படகை ஏன் நிறுத்தணும்?

வருஷா வருஷம் வர்ற செய்திதான். கன்னியாகுமரியில விவேகானந்தர் பாறைக்குப் போற பூம்புகார் கப்பல் கழகப் படகுகளான குகன், பொதிகை, விவேகானந்தா மூணுல ஒண்ணை சின்னமுட்டம் துறைமுகத்துல கரையேத்தி பழுது பார்க்குறாங்க. அதைப் படிச்சிட்டு ஹாஸ்டல் ரூம்மேட் கேட்டான்: "நல்லா ஓடுறதை எதுக்குடா நிறுத்தணும்? கூட்டம் அலைமோதுது!"

கேட்டவன் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். பாத்டப் கர்வ் வரைஞ்சு 13 மார்க் வாங்கினவன்.

எனக்கு ஊரு ஆரணி பக்கம் சேத்துப்பட்டு. கடலை லீவுக்குப் போய் பார்த்தாதான் உண்டு. ஆனா தறி தெரியும். புதுப் பாவு ஏத்துறதுக்கு முன்னாடி தாத்தா விழுது, கயிறு, நாடா எல்லாத்தையும் தடவிப் பார்ப்பாரு. நைஞ்ச கயிறை, அறுந்து போகலன்னாலும் மாத்திடுவாரு. பாதி சேலையில அறுந்தா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியும்.

போன வருஷம் நாங்க நாலு பேரு ஒரு படகுத்துறைக்குப் போனோம். எந்த ஊருன்னு சொல்லல. நடுத் தண்ணியில இன்ஜின் சூடேறி நின்னுபோச்சு. கிட்டத்தட்ட அரை மணி நேரம் வெயில்ல மிதந்தோம். ஓட்டுன அண்ணன் மூடியைத் திறந்து காட்டினாரு. தண்ணி பம்புக்குள்ள இருக்கிற ரப்பர் இம்பெல்லர்ல பாதி இறக்கை இல்ல. "மாத்தணும்னு ரெண்டு மாசமா சொல்றேன் தம்பி. ஓடுற வரைக்கும் ஓடட்டும்னுட்டாங்க."

படகு டீசல் இன்ஜின் பலதும் வெளித் தண்ணியை உறிஞ்சித்தான் தன்னைக் குளிர வெச்சுக்குது. அந்தத் தண்ணியை இழுக்கிறது இந்த ரப்பர் சக்கரம்தான். வடிகட்டியில பாசியோ பிளாஸ்டிக் கவரோ அடைச்சா, தண்ணியில்லாம உலர்ந்து ஓடி, கொஞ்ச நேரத்துலயே கருகிடும். பிய்ஞ்ச ரப்பர் துண்டு போய் ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல சிக்கினா அது தனிக் கதை. இன்ஜின் விலையோட ஒப்பிட்டா இம்பெல்லர் விலை ஒண்ணுமே இல்ல. பின்னாடி புகைக்குழாய்ல தண்ணி சரியா வருதான்னு தினமும் எட்டிப் பார்க்கக் காசே வேணாம்.

டீசலும் அப்படித்தான். டேங்க் பாதி காலியா கிடந்தா உள்ளே ஈரம் படிஞ்சு தண்ணியா அடியில தங்கும். ஃபில்டருக்குக் கீழே இருக்கிற குழாயைத் திறந்து அதை வடிக்காம விட்டா இன்ஜெக்டர் துருப்பிடிக்கும். துத்தநாகக் கட்டி வேற இருக்கு. உப்புத் தண்ணி மத்த உலோகத்தை அரிக்காம இருக்க, தான் கரைஞ்சு போற கட்டி. பாதி கரைஞ்சதுமே மாத்திடணும்.

ரூம்மேட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, அதை மறைக்க விரும்பல. ரெண்டாம் உலகப் போர்ல வாடிங்டன்னு ஒரு உயிரியல் விஞ்ஞானி பிரிட்டிஷ் விமானங்களோட கணக்கை எடுத்துப் பார்த்தாரு. காலக்கெடு வெச்சு செஞ்ச பராமரிப்பு முடிஞ்ச உடனேதான் பழுது அதிகமா வந்திருக்கு! 1978-ல நௌலன், ஹீப் ரெண்டு பேரும் எழுதின அறிக்கையும், விமான பாகங்கள்ல வயசானதால பழுதாகுறது சுமார் 11 சதவீதம்தான்னு சொல்லுது. அதாவது காலண்டரைப் பார்த்து எல்லாத்தையும் கழட்டி மாட்டுறதும் ஆபத்துதான். இன்ஜெக்டர் பம்பை சும்மா பிரிக்காதீங்கன்னா நானும் கைதட்டுவேன்.

ஆனா அதுக்கு அர்த்தம் எதையுமே பார்க்காதேன்னு இல்ல. ரப்பர் தேயும், துத்தநாகம் கரையும், ஆயில் கெடும். இதுக்கெல்லாம் வயசு நிச்சயம் உண்டு. மத்ததை ஆயில் சாம்பிள், வெப்பநிலை, புகையோட நிறம் பார்த்து முடிவு பண்ணலாம். கறுப்புப் புகையா, நீலப் புகையான்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சாலே போதும்.

பைக் நடுரோட்டுல நின்னா ஓரமா தள்ளிட்டுப் போயிடலாம். பாறைகளுக்கு நடுவுல, அலையில, நூறு பேருக்கு மேல ஏத்தின படகு நின்னா எங்க தள்ளுறது? இதை ரூம்மேட்கிட்ட கேட்டேன். பதில் சொல்லல. மறுநாள் அவன் பைக்குல ஆயில் டிப்ஸ்டிக்கைத் துடைச்சுப் பார்த்துட்டு இருந்தான்.