துடைச்சா போச்சு!

பி.காமில் நான் உருப்படியாகக் கற்றது ஒன்றுதான்: தேய்மானம். வாங்கிய நாளிலிருந்து எந்தப் பொருளின் மதிப்பும் இறங்கும். மேஜை, நாற்காலி, ஏன், குமாஸ்தாவும்தான்!

இந்த விதிக்கு டிமிக்கி கொடுக்கும் ஒரு சாமான் உண்டு. ஜெர்மன் தரைப்படை அதிகாரியின் குத்துவாள். 1935-ல் வந்த மாடல். நீளம் சுமார் ஒன்றேகால் அடி. சண்டைக்கு இல்லை சார், யூனிஃபாரத்துக்கு அழகு! நாம் டை கட்டுகிற மாதிரி. பெரும்பாலும் ஸோலிங்கன் நகரத்துக் கம்பெனிகள் செய்தவை. இன்று ஏலத்தில் நல்ல விலை போகின்றன. போலிகளும் ஏராளம். ஆகவே, கையில் எடுத்தால் என்ன பார்ப்பது?

முதலில் அலகு. உறையிலிருந்து மெதுவாக உருவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நீளவாக்கில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் பயம் வேண்டாம். உறைக்குள் போய்வந்த தடம் அது. குறுக்கே கீறல் என்றால், யாரோ புண்ணியவான் உப்புத்தாள் போட்டிருக்கிறார். போன பாலிஷ் போனதுதான். விரலால் தடவாதீர்கள். வியர்வை பட்ட இடத்தில் உங்கள் ரேகையே துருவாகப் பதியும்! கம்பெனி முத்திரையையும் பாருங்கள். வாள் ஏந்திய அணில் என்றால் ஐக்ஹார்ன்.

அடுத்து கைப்பிடி. பெரும்பாலும் உள்ளே மரம், மேலே செல்லுலாய்டு. வெள்ளையிலிருந்து ஆரஞ்சு வரை பல நிறம் உண்டு. முடி அளவு விரிசல் இருந்தாலும் விலை சரியும்.

மேலே குமிழில் ஓக் இலைகள், நடுவே கைகாப்பில் கழுகு. இங்கேதான் திருடன் மாட்டுவான். நிஜமாகவே இடுப்பில் தொங்கிய கத்தியில், மேடான இடம்தான் முதலில் தேயும்; பள்ளத்தில் கறுப்பு தங்கும். பள்ளமும் பளபளத்தால்? பாலிஷ் டப்பாவின் வேலை!

கைகாப்புக்கும் அலகுக்கும் இடையில் ஒரு தோல் வாஷர், உறையின் வாயருகே சின்ன ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் வெட்டு சிதைந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார். நாலு கத்தியின் உறுப்புகளைச் சேர்த்து ஐந்தாவது கத்தி செய்யும் கில்லாடிகளும் உண்டு.

ஆக, விதி ஒன்றுதான். சும்மா விட்டால் மதிப்பு; துடைச்சா போச்சு.

கடைசியாக ஒன்று. அந்தக் கழுகின் காலடியில் ஸ்வஸ்திகா இருக்கும். நாஜிக் கட்சிச் சின்னம். 1945-க்குப் பிறகு சில கத்திகளில் அதை அரத்தால் ராவி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஜெர்மனியில் அதைப் பொது இடத்தில் காட்டுவது, கல்வி, ஆராய்ச்சி போன்ற விலக்குகள் தவிர, கிரிமினல் சட்டம் 86ஏ பிரிவின்படி குற்றம்.

ராவிய கத்திக்கு மார்க்கெட்டில் மதிப்புக் குறைவு. சேதம் என்று எழுதுவார்கள்.

அரத்தைப் பிடித்த கைக்கு வந்தது பயமோ, வெட்கமோ, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கத்தியின் மேல் யாரோ ஒருத்தர் யோசித்து விட்டுப்போன ஒரே அடையாளம் அந்தக் கீறல்தான். அதைப் போய்ச் சேதக் கணக்கில் எழுத, இந்த பி.காமுக்குக் கை வரவில்லை.

என்னிடம் காசு இல்லை. இருந்து, வாங்கியே தீர வேண்டும் என்றால், ராவினதைத்தான் கேட்பேன்.