ஜெனரேட்டரை விட முக்கியம் அந்த சுவிட்ச்

பராமரிப்பு என்று காலை 9 மணிக்கே கரண்ட் போகும். காற்றடித்தால் கேட்கவே வேண்டாம். 2012-ல் மணிக்கணக்கில் இருட்டில் உட்கார்ந்திருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் நம் தருமபுரிப் பக்கம் வசதியுள்ளவர்கள் வீட்டுக்கொரு ஜெனரேட்டர் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதை வீட்டு ஒயரிங்கோடு சேர்க்கும் விதத்தில்தான் ஆட்சேபணை.

இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு ஒயர். ஒன்று ஜெனரேட்டரில், மற்றொன்று சுவரில் இருக்கும் 15 ஆம்பியர் பாயின்டில். வீடு முழுக்க வெளிச்சம்! "மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க சார்" என்று சொல்லிவிட்டு எலெக்ட்ரீஷியன் போய்விடுவார். ஒரு நாள் மறந்துவிட்டால்? அந்த 230 வோல்ட் சர்வீஸ் ஒயர் வழியாகக் கம்பத்துக்குப் போகும். 11,000 வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர், இந்தப் பக்கமிருந்து கரண்ட் போனால் அதையே ஏற்றி அந்தப் பக்கம் அனுப்பும். அங்கே லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பியில் கை வைத்திருப்பார் லைன்மேன்.

"தெருவே இழுத்தால் ஜெனரேட்டர் தானே நின்றுவிடும்" என்பார்கள். கம்பி அறுந்து, அந்தத் துண்டில் உங்கள் வீடு மட்டும் இருந்தால் நிற்காது. லைன்மேன் வருவதே அந்தத் துண்டைக் கட்டத்தானே! தவிர, ஜெனரேட்டர் ஓடும்போது ஈ.பி. கரண்ட் திரும்பினால் உங்கள் ஜெனரேட்டரும் எரிந்து போகலாம்.

இதற்கு மருந்து சேஞ்ச் ஓவர் சுவிட்ச். பாண்டியில் பிரெஞ்சில் படித்த எனக்கு அது 'ஆன்வெர்ஸேர்'. கடையில் அப்படிக் கேட்டால் இன்வெர்ட்டரை எடுத்து நீட்டுவார்கள்! கைப்பிடி ஈ.பி. பக்கம் இருக்கும், இல்லையென்றால் ஜெனரேட்டர் பக்கம் இருக்கும். இரண்டிலும் ஒரே நேரத்தில் இருக்க முடியாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டபுள் போல் வகையாகக் கேளுங்கள். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் தருவது சுமார் 13 ஆம்பியர். அதற்கு 32 ஆம்பியர் சுவிட்ச் தாராளம். ஒயர் ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள காப்பர், 2.5 சதுர மி.மீ.; ஜெனரேட்டர் தள்ளி இருந்தால் 4. எர்த் கட்டாயம். லைட், ஃபேன், ஃபிரிட்ஜோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீசர் வேண்டாம். புகை வீட்டுக்குள் வராதபடி ஜெனரேட்டரை வெளியே வையுங்கள்.

ஆயுள் முழுக்க கோப்பு பார்த்தவன் சொல்கிறேன்: மனித ஞாபகத்தை நம்பி எந்த விதியும் போடக் கூடாது. மகன் பெங்களூரில், வீட்டில் வயதானவர்கள், இரவு, மழை. அந்த நேரத்தில் மெயினை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? சுவிட்ச் மறக்காது.

ஜெனரேட்டர் விலையோடு பார்த்தால் அந்த சுவிட்சின் விலை சொற்பம். அதை மிச்சம் பிடிப்பவர் பணயம் வைப்பது தன் உயிரை அல்ல. நமக்காக மழையில் கம்பம் ஏறும் ஒருவரின் உயிரை. சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஜெனரேட்டர் இணைப்புக் கொடுக்க மாட்டேன் என்று ஒவ்வொரு எலெக்ட்ரீஷியனும் சொல்ல வேண்டும். அவர் சொல்லாவிட்டால், நாம் கேட்க வேண்டும்.