ஆலைக் குளத்தில் வீணாகும் வாயு

ஈப்போவிலிருந்து தெலுக் இந்தானுக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? வழிநெடுக செம்பனைதான். பேராக்கில் நம் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டிய பல தோட்டங்களில் இன்று குலை ஏற்றிய லோரிகள் ஓடுகின்றன. ஆலையை நெருங்கும்போது ஒரு புளித்த நாற்றம் வரும். மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். ஆலையைக் கடந்ததும் மறந்துவிடுகிறோம். அப்படி மறக்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலில் ஒரு கணக்கு. ஒரு டன் பழக்குலையை ஆலைக்குள் அனுப்பினால் கிடைக்கும் எண்ணெய் சுமார் 200 கிலோதான். பழம் உதிர்ந்த வெறுங்குலை மட்டும் 200 கிலோவுக்கு மேல் மிஞ்சும். பிழிந்த நாரும் கொட்டை ஓடும் தனி. இவற்றோடு 600 முதல் 700 லிட்டர் வரை கழிவுநீர் வெளியேறும். குலையை நீராவியில் வேகவைக்கவும் எண்ணெயைப் பிரித்தெடுக்கவும் அவ்வளவு நீர் தேவைப்படுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் ஆலைகளிலும் எண்ணெய் கொஞ்சம், மிச்சம் அதிகம். அங்கே 1990களில் குறைந்த நீரில் எண்ணெய் பிரிக்கும் முறை பரவியது. ஆலிவ் கொட்டையை எரித்து வீடுகளைச் சூடாக்குகிறார்கள். ஓரிடத்தின் கழிவை இன்னோர் இடத்தின் மூலப்பொருளாக்கும் இந்த வழக்கத்துக்குச் சுழற்சிப் பொருளாதாரம் என்று பெயர்.

நம் ஆலைகளும் இதில் பாதி தூரம் வந்துவிட்டன. நாரையும் ஓட்டையும் கொதிகலனில் எரித்து, ஆலைக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் அவையே தயாரித்துக்கொள்கின்றன. வெறுங்குலைகளை மரங்களுக்கு இடையே பரப்புகிறார்கள். அவை மட்கும்போது பொட்டாசியம் மண்ணுக்குத் திரும்புகிறது. மண்ணின் ஈரமும் காக்கப்படுகிறது.

மீதிப் பாதி அந்தக் கழிவுநீரில் இருக்கிறது. அதை அப்படியே ஆற்றில் விட்டால், அதிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிரிகள் நீரிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும். இதைத் தடுக்க அரசாங்கம் 1977இல் செம்பனை ஆலைகளுக்கென்றே தனி விதிமுறைகளைக் கொண்டுவந்தது. அதனால் ஆலைகள் கழிவுநீரைப் பெரிய குளங்களில் பல வாரம் தேக்கிவைத்துச் சுத்திகரித்தன. ஆறுகளின் சுமை குறைந்தது. ஆனால் சிக்கலின் ஒரு பகுதி காற்றுக்கு இடம் மாறியது.

ஆழமான குளத்தின் அடியில் ஆக்சிஜன் இல்லை. அங்கே வாழும் நுண்ணுயிரிகள் மீத்தேன் வாயுவை வெளியிடுகின்றன. நம் மூக்கை எரிச்சலூட்டுவது ஹைட்ரஜன் சல்பைடு போன்ற வேறு வாயுக்கள். மீத்தேனுக்கு நாற்றமே கிடையாது. 100 ஆண்டுக் கணக்கில், கரியமில வாயுவைப் போல் 25 மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்குவது இந்த நாற்றமில்லாத வாயுதான். அதே மீத்தேன் நல்ல எரிபொருளும்கூட. குளத்தை மூடி வாயுவைப் பிடித்தால் மின்சாரம் எடுக்கலாம். பேராக்கிலேயே, தெலுக் இந்தான் அருகிலுள்ள ஜெண்டராட்டா தோட்டம் போன்ற இடங்களில் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

2014 முதல், புதிய ஆலைகளும் விரிவாக்கம் செய்யும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கும் வசதியைக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. அப்படியென்றால் பழைய ஆலைகள்? அவற்றுக்கும் ஒரு காலக்கெடு வேண்டும் என்கிறேன்.

“செலவு அதிகம், மின்கம்பி வலைப்பின்னல் தொலைவில் இருக்கிறது” என்பார்கள். அது பொய்யல்ல, சிறிய ஆலைக்கு உண்மையிலேயே பாரம்தான். ஆனால் மின்சாரம் விற்பது மட்டுமே வழியா? பிடித்த வாயுவை ஆலையின் கொதிகலனிலேயே எரிக்கலாம். எதற்கும் வழியில்லை என்றால் பாதுகாப்பாக எரித்துவிட்டாலும் போதும். மீத்தேன் கரியமில வாயுவாக மாறி, சூடாக்கும் திறன் பெருமளவு குறையும். சிறிய ஆலைகளுக்கு அரசாங்கம் கடனுதவி தரலாம். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு மட்டும் நியாயம் இல்லை.

அந்தக் குளத்தின் பக்கத்தில் வசிப்பவர்களில் நம்மவர்களும் உண்டு. ரப்பர் காலத்தில் அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்டதில்லை. இன்று நீங்கள் கேட்கலாம். அடுத்த அறிவியல் செயல்திட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்களா? உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஆலை எது, அதன் கழிவுநீர் எங்கே போகிறது, குளம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று ஆசிரியர் துணையோடு விசாரியுங்கள். பதிலை வகுப்பில் சொல்லுங்கள், பத்திரிகைக்கும் எழுதுங்கள்.