ஒத்து ஓயலாமா?

புறக்கோட்டைச் செட்டியார் தெருவிலிருந்து ஆடிவேல் பவனி புறப்படுங்கால் நாதஸ்வரம் முழங்கக் கேட்கிறோம். அதன் அருகே ஒரே சுருதியை இடைவிடாது ஊதிவந்த ஒத்துக்காரரை இன்று காண்பது அரிது. சுருதிப் பெட்டியும் பின்னர் மின்கருவியும் அவரிடத்தைக் கவர்ந்துகொண்டன.

ஐரோப்பியக் கிராமங்களிலும் சுருதி ஓயாத கருவியொன்று உண்டு. ஹர்டி-கர்டி என்பது அதன் பெயர். கைப்பிடியைச் சுழற்ற, மரச்சக்கரம் தந்திகளை உராயும். சில தந்திகள் பண்ணிசைக்க, ஏனையவை சுருதி பிடிக்கும். உக்ரேனில் கண்ணற்ற பாடகர்கள் இதன் துணையோடு பாடிப் பிழைத்தனர். அருகிப்போன அக்கருவியை இளங்கலைஞர் கையிலெடுத்து, நாட்டார் பாடலில் புதுச் சோதனைகள் செய்து வாழவைத்துள்ளனர்.

தடையால் மரபு தழைக்காது. அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. இடைக்காலத்திலும் பஜனையிலும் நாடக மேடையிலும் ஆர்மோனியம் ஒலித்தே வந்தது.

கலையைக் காப்பது கையாளுதலே. நம் இசைப் பள்ளிகள் ஒத்தையும் பாடமாக்கட்டும்; கூத்துப் பாடலோடும் தாலாட்டோடும் அதனை இணைத்துப் பார்க்க இளைஞருக்கு இடமளிக்கட்டும். சோதனை சில வேளை தவறலாம். தவறினாலும் கருவி ஒலிக்கும். பெட்டகத்தில் உறங்கும் ஒத்துக்கோ அந்தப் பேறும் இல்லை.