முதல் சம்பளமும் ஒரு மாமாவும்

பையனுக்கு வேலை கிடைத்த செய்தி ஊருக்குத் தெரிய ஒரு வாரம் ஆகும். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மாமாவுக்கு மட்டும் அன்றைக்கே தெரிந்துவிடும். மாமா என்றால் தாய்மாமாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அப்பாவோடு ஆபீஸில் வேலை பார்த்தவர், எதிர்வீட்டு அத்தையின் தம்பி, ரிட்டயர்டு வாத்தியார்... யாராகவும் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலை, சரியாக டிபன் நேரத்துக்கு வருவார். கையில் ஒரு பை. பைக்குள் ஃபாரம்.

''தம்பி, மாசம் நாலாயிரத்துச் சொச்சம்தான். சேமிப்புக்குச் சேமிப்பு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, டாக்ஸும் மிச்சம். சின்ன வயசுல போட்டாத்தான் பிரீமியம் கம்மி!''

அப்பா தலையாட்டுவார். ''மாமா நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாங்க, போடுப்பா'' என்பார் அம்மா. செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்குகிற பையன், 20 வருஷ ஒப்பந்தத்தில் இட்லி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவான்.

இந்த எண்டோமென்ட், மணிபேக் பாலிசிகளை மோசடி என்று நான் சொல்லவில்லை. சட்டப்படியானவை. முழுசாகக் கட்டி முடித்தால் பணம் வந்துவிடும். ஆனால், அப்போதுதான் சம்பாதிக்க ஆரம்பித்த பிள்ளையின் தலையில் முதல் வேலையாகக் கட்ட வேண்டிய சரக்கு இது இல்லவே இல்லை. அன்பின் பேரால், உறவின் பேரால் நம் வீடுகளில் நடக்கும் இந்தச் சடங்கை நிறுத்தியாக வேண்டும்.

கோபப்படாமல் ஒரு கணக்கைப் பாருங்கள். பையனுக்கு மாசம் 30,000 ரூபாய் சம்பளம். வருஷம் 50,000 ரூபாய் பிரீமியம், 20 வருஷம், 10 லட்ச ரூபாய் பாலிசி. கட்டிய 10 லட்சம், முடிவில் போனஸ் எல்லாம் சேர்ந்து 17, 18 லட்சமாக வரும். ''கிட்டத்தட்ட டபுள்!'' என்பார் மாமா. வட்டிக் கணக்குப் போட்டால், வருஷத்துக்கு ஐந்து, ஐந்தரை சதவிகிதம்தான் தேறும்.

அதே 50,000 ரூபாயை இரண்டாகப் பிரியுங்கள். 10,000 ரூபாய் டேர்ம் இன்ஷூரன்ஸுக்கு. அந்த வயசில், சிகரெட் பழக்கம் இல்லாத பையனுக்கு 50 லட்ச ரூபாய் கவரேஜ் அந்தத் தொகைக்குள் தாராளமாக அடங்கும். 2025 செப்டம்பரில் தனிநபர் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி-யை எடுத்த பிறகு இன்னும் சல்லிசு. மீதி 40,000 ரூபாயை போஸ்ட் ஆபீஸிலோ பேங்க்கிலோ பி.பி.எஃப். கணக்கில் போடுங்கள். அதன் வட்டியை அரசு அவ்வப்போது மாற்றலாம். 2020 ஏப்ரலில் நிர்ணயித்த 7.1 சதவிகிதத்தையே வைத்துக்கொள்வோம். 15 வருஷம் முடிந்ததும் 5 வருஷம் நீட்டித்தால், 20 வருஷத்தில் ஏறக்குறைய 17 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய்!

கைக்கு வரும் பணம் கிட்டத்தட்ட அதேதான். ஆனால், நடுவில் பையனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மாமாவின் பாலிசியில் வீட்டுக்குக் கிடைப்பது 10 லட்சமும் அதுவரை சேர்ந்த போனஸும். 10 லட்சம் என்பது அவனுடைய மூன்று வருஷச் சம்பளம்கூட இல்லை. நம் வழியில் 50 லட்சமும் பி.பி.எஃப்-பில் சேர்ந்ததும். இதில் எதற்கு 'பாதுகாப்பு' என்று பெயர் வைப்பது? நீங்களே சொல்லுங்கள்.

''டேர்ம்ல, உசுரோட இருந்தா ஒரு பைசா வராதேப்பா'' என்பது மாமாவின் பிரம்மாஸ்திரம். வருஷாவருஷம் பைக்குக்கு இன்ஷூரன்ஸ் கட்டுகிறோம். 'ஐயோ, இந்த வருஷமும் பைக் திருடு போகவில்லையே, பணம் வேஸ்ட்' என்று யாராவது அழுகிறோமா?

டாக்ஸ் மிச்சமாம்! மாசம் 30,000 வாங்குகிறவனுக்குப் பழைய முறையிலும் வரி இல்லை, புது முறையிலும் இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது? போதாக்குறைக்கு, 2023 ஏப்ரலில் இருந்து யாரும் கேட்காமலே பொருந்தும் புது முறையில் இந்த பிரீமியத்துக்கு வரிச் சலுகையே கிடையாது. மாமா மட்டும் பழைய 80சி மந்திரத்தையே ஓதிக்கொண்டிருக்கிறார்.

மாமா ஏன் டேர்ம் இன்ஷூரன்ஸைப் பற்றி வாய் திறப்பதில்லை? முதல் வருஷ பிரீமியத்தில் 35 சதவிகிதம் வரை ஏஜென்ட் கமிஷனுக்குச் சட்டம் பல காலம் இடம் கொடுத்தது. 2023-ல் அந்தத் தனி உச்சவரம்பையும் எடுத்துவிட்டு, கம்பெனியின் மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். கால் பங்கு என்றே வைத்துக்கொள்வோம். 50,000 ரூபாயில் 12,500. 10,000 ரூபாயில் 2,500. மாமா கெட்டவர் இல்லை. அவருக்கும் பெண் கல்யாணம், வீட்டு லோன் எல்லாம் இருக்கிறது. அதற்கு நம் பிள்ளையின் 20 வருஷத்தையா எழுதிக் கொடுப்பது?

இதைப் பேச எனக்கு யோக்யதை இருக்கிறது. பி.காம். படித்தவன் நான். டெபிட், கிரெடிட் எல்லாம் தலைகீழாகத் தெரியும். முதல் வேலையில் சேர்ந்த 2001-ல் இப்படித்தான் ஒரு மாமா வந்தார். போட்டேன். இரண்டாவது வருஷம் வேலை போனது. பிரீமியம் கட்ட வழியில்லை. அப்போதைய விதிப்படி, மூன்று வருஷம் கட்டாவிட்டால் கட்டியது அத்தனையும் போச்சு. ''விடாமக் கட்டியிருக்கணும்'' என்றார் மாமா. எதை வைத்து?

விஷயமே அங்கேதான் இருக்கிறது. வீட்டை விட்டு வெளியே வந்து தனியாக நிற்கிற பையனுக்கும் பெண்ணுக்கும் முதல் இரண்டு வருஷத்தில் எதுவும் நிரந்தரமில்லை. வேலை மாறும், ரூம் மாறும், ஊரில் அப்பாவுக்கு நெஞ்சு வலிக்கும். முதலில் அவர்களுக்கு வேண்டியது, நாலைந்து மாதச் செலவுக்கான பணம். நினைத்த நேரத்தில் எடுக்கிற மாதிரி, பேங்க்கில். அது இல்லாமல் பாலிசியில் பணத்தைப் பூட்டினால் என்ன ஆகும்? அவசரத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்ப்பார்கள். முழுசாகக் கட்ட முடியாமல், 'மினிமம் டியூ' மட்டும் கட்டுவார்கள். மாசம் மூன்றரை சதவிகிதம் என்றால் வருஷத்துக்கு 42! ஐந்து சதவிகிதம் சம்பாதிக்க மாசாமாசம் பிரீமியம், இன்னொரு பக்கம் 42 சதவிகிதத்தில் கடன். கந்துவட்டிக்காரர்கூட இதைக் கேட்டுச் சிரிப்பார்.

2024 அக்டோபரில் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அதன் பிறகு எடுத்த பாலிசியில், முதல் வருஷம் முழுசாகக் கட்டிவிட்டு நிறுத்தினாலும் ஏதோ கொஞ்சம் திரும்ப வரும். நஷ்டம் நஷ்டம்தான். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு, மாமாக்கள் சொல்ல மறப்பது. பாலிசி பத்திரம் கைக்கு வந்த 30 நாளைக்குள் 'வேண்டாம்' என்று எழுதிக் கொடுத்தால், ஸ்டாம்ப் செலவு, மெடிக்கல் டெஸ்ட், கவரேஜ் இருந்த நாட்களுக்கான தொகை இவற்றைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தாக வேண்டும்.

என் அண்ணன் மகன் வேளச்சேரியில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான். பத்திரம் வந்து 19 நாள் ஆனபோது எனக்கு போன் செய்தான். ''சித்தப்பா, வேண்டாம்னு சொன்னா மாமா வருத்தப்படுவாரே?''

''படுவார்டா. நீ லெட்டரைக் கொடுத்துட்டு, கொடுத்ததுக்கு ரசீது வாங்கிக்கோ'' என்றேன்.

பணம் வந்துவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாமாவைப் பார்த்தேன். பந்தியில் என் பக்கத்து இலை காலியாகத்தான் இருந்தது. அவர் எதிர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்.