மே மாசக் கடலும் கோயமுத்தூர் அப்பனும்

ஏப்ரல் பொறந்தாப் போதும் மக்களே, நம்மூட்டுல பஞ்சாயத்து கூடிரும். "ஏனுங்க, இந்த லீவுக்காச்சும் பசங்களைக் கடலுக்குக் கூட்டிட்டுப் போவீங்களா, இல்ல மறுபடியும் ஆழியார் டேமா?"ன்னு தங்கமணி ஆரம்பிப்பாங்க. பெரியவளுக்கு எட்டு, சின்னவனுக்கு நாலு. ஊட்டி, வால்பாறை, டாப்ஸ்லிப்னு எல்லாத்தையும் கைக்கெட்டுற தூரத்துல வெச்ச ஆண்டவன், நமக்குக் கடலை மட்டும் மறந்துட்டான். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்தோட சரி.

கோயமுத்தூர்க்காரனுக்கு டக்குனு தோணுறது கேரளாதான். 2021-ல் குதிரான் சுரங்கப்பாதை தொறந்தப்புறம் திருச்சூர் இன்னும் கிட்ட வந்துருச்சு. காலைல இட்லி தின்னுட்டுக் கெளம்புனா மத்தியானச் சோத்துக்கு முன்னாடி சாவக்காடு. மூணு வருசத்துக்கு முன்னாடி நானும் அப்படித்தான் கெளம்புனேன். மே மாசக் கடைசி. எந்த பீச்சுன்னு பேர் வேண்டாம், தப்பு பீச் மேல இல்ல, என் மேல.

பெரியவ கணுக்கால் தண்ணியில நிக்கிறா. நான் ரெண்டடி தள்ளி நின்னு போட்டோ புடிச்சுட்டு இருக்கேன். ஒரு அலை வந்துது, பெருசுன்னு கூடச் சொல்ல முடியாது. வர்றப்ப ஒண்ணும் பண்ணலை. திரும்பிப் போறப்பத்தான் காலுக்கடியில இருந்த மண்ணையும் சேத்து உருவிட்டுப் போச்சு. பொத்துனு உக்காந்தவ அப்படியே சறுக்கிட்டு உள்ள போறா. பக்கத்துல லுங்கிய மடிச்சுக் கட்டிட்டு நின்ன ஒரு மீன்காரர் எட்டிக் கையப் புடிச்சுத் தூக்கிட்டார். எனக்குக் காலே நகரலீங்க. அவர் திட்டுனதெல்லாம் மலையாளம். ஒரு வார்த்தை விடாம எனக்குப் புரிஞ்சுது.

அதுக்கப்புறம்தான் யோசிச்சேன். நமக்குத் தண்ணி புதுசு இல்ல. கெணத்துல குதிச்சு நீச்சல் பழகுன ஆளுக, கொடிவேரியில குளிச்ச ஆளுக. ஆனா வாய்க்கால் தண்ணி ஒரே பக்கம் போகும். கடல் தண்ணி வந்துட்டுத் திரும்பிப் போகும். ஆபத்து அந்தத் திரும்பிப் போறதுலதான் இருக்கு. அந்தக் கணக்கு நம்ம உடம்புக்குத் தெரியாது. தெரியும்னு நெனச்சுக்கிறோம் பாருங்க, அதான் வம்பு.

இன்னொண்ணு இருக்கு, கள்ளக்கடல்னு பேரு. மலையாளத்து மீனவங்க வெச்ச பேரு, கள்ளன் மாதிரி சத்தமில்லாம வர்ற கடல்னு அர்த்தம். 2012-ல் யுனெஸ்கோவே இந்தச் சொல்லை ஏத்துக்கிச்சு. எங்கியோ தெக்கால, இந்தியப் பெருங்கடலோட அடிக்கோடியில புயல் அடிக்கும். அங்க கெளம்புற அலை நாள்கணக்கா நடந்து வந்து நம்ம கரையில ஏறும். இங்க காத்தும் இருக்காது, மேகமும் இருக்காது, வெய்யில் பளிச்சுனு அடிக்கும். மழைக்காலத்துக்கு முந்தி, அதாவது சரியா நம்ம பள்ளிக்கூட லீவுலதான் இது அதிகம். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டத்துல லெமூர் பீச்சுல அஞ்சு மருத்துவ மாணவர்கள் செத்தது இப்படி ஒரு சமயத்துலதான். ஹைதராபாத்துல இருக்கற இன்காய்ஸ் எச்சரிக்கை குடுத்திருந்துச்சு. வளந்த பசங்களுக்கே இந்தக் கதின்னா நாலு வயசுப் பொடியன் எந்த மூலைக்கு?

அதனால என் கட்சி இதுதான்: எந்த பீச்சுன்னு கேக்காதீங்க, எந்த மாசம்னு கேளுங்க. மேற்குக் கடலுக்கு கிறிஸ்துமஸ், பொங்கல் லீவுல போங்க. அப்ப அது பசு மாதிரி நிக்கும். மே மாசத்துல வேண்டாம். பருவமழை ஜூன் 1-ன்னு காலண்டரை நம்பிட்டும் போகாதீங்க, 2025-ல் மே 24-ம் தேதியே கேரளாவுல எறங்கிருச்சு.

அப்ப மே மாசத்துக்கு? பாக் விரிகுடாதான். இராமேஸ்வரத்துக்காரங்க ரெண்டு கடல் சொல்லுவாங்க. மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல், பாக் விரிகுடாப் பக்கம் பெண்கடல். தெக்க இருந்து வர்ற பெரிய அலையை இலங்கையும் நடுவுல இருக்கற திட்டுகளும் மறிச்சுக்கும். உள்ள இருக்கறது ஆழமில்லாத, அலை அடங்குன தண்ணி. மாலத்தீவுக்குக் காசைக் கொட்டிப் போறவங்களும் இந்த மாதிரி தண்ணிக்குத்தான் போறாங்க, அங்க அலையத் தடுக்கறது பவளப்பாறை. நமக்கு இராமநாதபுரம் பக்கம் அரியமான் இருக்கு, கோயமுத்தூர்ல இருந்து சுமார் 350 கிலோமீட்டர். தனுஷ்கோடிய மட்டும் வண்டியில இருந்து எறங்கிப் பாத்துட்டு வந்துருங்க, அங்க தண்ணியில கால் வைக்க வேண்டாம். இதே பெண்கடல் நவம்பர், டிசம்பர்ல வாடைக்காத்துக்கு முரடாயிரும், அதையும் சொல்லிடறேன்.

போன வருசம் போனோம். அழகா இருந்துதான்னா, இல்லீங்க. தண்ணி கலங்கல். கரையெல்லாம் கடல்புல் ஒதுங்கிக் கெடக்கு. "குப்பையைக் காட்டவா இத்தனை தூரம் கூட்டிட்டு வந்தீங்க?"ன்னு தங்கமணி மொறைச்சாங்க. அது கடல்பசு திங்கற புல்லும்மான்னு நான் வெளக்கம் குடுத்து இன்னும் வாங்கிக் கட்டிக்கிட்டேன் :-) வெய்யில் மண்டையப் பொளக்குது. காலைல எட்டு மணிக்குள்ள ஆட்டம் முடிஞ்சிரணும், அப்புறம் சாயங்காலம் அஞ்சுக்கு மேலதான்.

சின்னவன் தொப்பை முங்காத தண்ணியில ஒரு மணி நேரம் உக்காந்திருந்தான். எந்திரிக்க மாட்டேன்னு ஒரே அழுகை.

அங்கயும் ஒரு கண்ணி இருக்கு. அந்த மாசத்துல காத்து கரையில இருந்து கடல் பக்கமா அடிக்கும். காத்தடிச்ச ட்யூப், மெதவைன்னு வாங்கிக் குடுத்தா, பையனோட சேந்து அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும். அலையில்லாத கடல்ல இதுதான் பயம். எங்க அப்பிச்சி கட்டிவிட்ட சுரக்குடுக்கையாச்சும் இடுப்புல இருந்துது, மறுமுனைக் கயிறு அவர் கையில இருந்துது.

போனை இப்ப ரூம்லயே வெச்சுட்டுத்தான் கடலுக்கு எறங்குறேன். அதனால போட்டோ எதுவும் இல்ல, கேக்காதீங்க.

வர்ற பொங்கலுக்குக் கோழிக்கோடு, காப்பாடு பக்கம் போலாமான்னு ஒரு ரோசனை. கொழந்தைகளோட ஜனவரியில போனவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க சாமிகளா, தங்கமணிகிட்ட நான் இன்னும் வாயத் தொறக்கலை.